நகரை வரைபவரின் கடன்

உக்கடம் பெரியகுளத்தின் கரையில் மாலை வேளையில் நடப்பது நம் வழக்கங்களுள் ஒன்று. சர்க்கரை நோய்க்காக மருத்துவர் விதித்த நடைதான். இப்போது அது விதியாகத் தோன்றுவதில்லை. ஒரு பக்கம் பேருந்துகளின் இரைச்சலும், மீன் சந்தையின் வாடையும், 2024 ஆகஸ்டில் திறந்துவைக்கப்பட்ட மேம்பாலத்தின் நெடிய நிழலும். மறுபக்கம் முந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நீர்ப்பரப்பும், அதில் மூழ்கி எழும் முக்குளிப்பான்களும், மேற்கே மலைத்தொடர்மீது சாயும் கதிரவனும். இரண்டுக்கும் நடுவே உள்ள சில அடி அகலத்தில் ஒரு நகரம் காற்று வாங்குகிறது. எல்லாச் சமயத்தாரும் ஒரே நடைபாதையில் ஒருவரையொருவர் இடிக்காமல் நடப்பதைக் காண்பதே ஒரு மனநிறைவு.

சில மாதங்களுக்கு முன் அக்கரையில் நம்முடன் ஒருவர் நடந்தார். முன்னர் நம் பங்கில் பீடச்சிறுவராய் இருந்தவர்; இப்போது நாற்பதை நெருங்குகிறார். கட்டடக் கலை பயின்று, நீடித்து நிலைக்கும் நகர வடிவமைப்பு என்னும் துறையில் ஆய்வு செய்து, அதையே கல்லூரியில் கற்பித்தும் வருகிறார். மரத்தின் நிழல் தெருவின் வெப்பத்தை எவ்வளவு தணிக்கும், ஒரு குளம் எத்தனை வீட்டுக் கிணறுகளுக்கு ஊற்றாகும் என்றெல்லாம் அவர் விளக்கும்போது நாம் மாணவராகிவிடுவோம். அன்று அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. நீரைப் பார்த்தபடியே கேட்டார்:

“ஃபாதர், சில வருஷத்துக்கு முன்னால் வேறொரு ஊரில் ஒரு நீர்நிலையை மீட்கிற திட்டத்துக்கு நான் வரைபடம் போட்டுக் கொடுத்தேன். கரையைச் சுற்றி இளம்பச்சை நிறம் கொடுத்திருந்தேன். அந்த இடத்தில் நூறு வீட்டுக்கு மேலே இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பச்சை அடித்தேன். இப்போது அங்கே வீடு இல்லை, நிஜமாகவே பச்சையாக இருக்கிறது. இது பாவமா?”

ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்ட கேள்வியாயின் அதை இங்கு எழுத நமக்கு உரிமை இல்லை. நடைபாதைத் திண்டில் அமர்ந்து கேட்டது. எழுதலாம் என்று அவரே இசைவும் தந்தார். அன்று நாம் விடை சொல்லவில்லை. நம்மிடமும் ஒரு கணக்குத் தீராமல் இருந்தது. அதைப் பின்னர் சொல்வோம்.

முதலில் அந்தப் பச்சை நிறத்துக்கு நியாயம் செய்வோம். நொய்யல் மேற்கு மலையில் பிறந்து, கோவையைத் தழுவி, திருப்பூர் வழியே சென்று, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் ஆறு. ஆண்டில் சில வாரங்களே அது பெருக்கெடுக்கும். கோவையோ மழைமறைவில் அமைந்த ஊர். இங்கு ஆண்டு முழுதும் பெய்வது அறுநூறு, எழுநூறு மில்லிமீட்டர் அளவே. அந்தச் சில வாரத்து வெள்ளத்தை ஆண்டு முழுமைக்கும் ஆக்கிக்கொள்ள முன்னோர் ஆற்றின் குறுக்கே சிற்றணைகள் கட்டி, வாய்க்கால் வெட்டி, குளத்தைக் குளத்தோடு கோத்தனர். ஒன்றன் கலிங்கில் வழிவது அடுத்ததன் வரவு. செல்வசிந்தாமணி குளத்தின் மிகைநீர் பெரியகுளத்துக்கும், பெரியகுளத்தின் மிகைநீர் வாலாங்குளத்துக்கும் செல்வது இந்த ஏற்பாட்டினால்தான். சோழர் காலத்துப் பணி என்று மரபு கூறும். யார் செய்திருந்தாலும், தம் வீட்டுக்கு மட்டும் தொட்டி கட்டியவர்கள் அல்லர் அவர்கள்.

வயல்கள் மனைகளானபின் குளத்தை எவரும் தேடவில்லை. சாக்கடை தேடிவந்தது; ஆகாயத்தாமரை படர்ந்தது; குப்பை லாரிகள் வந்தன. பின்னர் விழிப்பு உண்டாயிற்று. 2013-இல் பெரியகுளம் வறண்டபோது தன்னார்வலர்கள் திரண்டு தூர்வாரியதை இந்நகரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். 2016 ஜனவரியில் பொலிவுறு நகரங்களாக முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட இருபதில் கோவையும் ஒன்றாயிற்று. குளக்கரைகளுக்குப் பணம் வந்தது. நீர்நிலைகளைக் காக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் தமிழகத்தில் 2007 முதலே தனிச் சட்டம் உண்டு. ஆகவே குளத்தை மீட்பது நன்மை என்பதில் ஐயம் இல்லை. மதகை அடைத்தும் வாய்க்காலை மறித்தும் நிற்கும் வீடு, பிறர் வீட்டுக்குள் வெள்ளத்தை அனுப்பும் வீடு. முதலில் அதில் வாழ்வோரையே அது மூழ்கடிக்கும். ஏழையின் வீடு என்பதால் வெள்ளம் விலகிப் போவதில்லை.

இத்துடன் முடிந்திருந்தால் நம் நண்பர் உறக்கம் இழந்திருக்க மாட்டார். ஆனால் ‘ஆக்கிரமிப்பு’ என்ற சொல் நாம் நினைப்பதுபோல் எல்லார்மீதும் ஒரே எடையில் விழுவதில்லை. வாலாங்குளத்தின் ஊடே இருப்புப்பாதை செல்கிறது, சாலை செல்கிறது. அவற்றை நாம் ஆக்கிரமிப்பு என்பதில்லை, பொதுத்தேவை என்கிறோம். தவறில்லை, பொதுத்தேவைதான். சென்னையில் கூவம், அடையாறு ஆற்றோரங்களில் இருந்தோரை நீர்வழி காக்க வேண்டும் என்று கூறி அப்புறப்படுத்தி, இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் குடியமர்த்தினர். செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் அவ்வாறு எழுந்தவை. அவை எங்கே அமைந்தன? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதியில். நீரின் இடத்திலிருந்து நீரின் இடத்துக்கே பெயர்க்கப்பட்டவர்கள் அடுத்த மழையில் மீண்டும் முழங்கால் நீரில் நின்றார்கள். அப்படியானால் அங்கே காக்கப்பட்டது நீர்தானா என்று கேட்கத் தோன்றுகிறது அன்றோ?

குருமடத்தில் நாம் அறநெறி இறையியல் படித்த நாள்களில் இருவிளைவுக் கோட்பாட்டை மனப்பாடம் செய்திருக்கிறோம். அக்குவினோ நகர்ப் புனித தோமையார் தற்காப்பைப் பற்றி ஆராய்ந்த இடத்தில் வேரூன்றி, பின்வந்த அறிஞர்களால் வளர்க்கப்பட்ட கோட்பாடு அது. ஒரே செயலால் நன்மையும் தீமையும் விளையுமானால் அச்செயலைச் செய்யலாமா? செய்யலாம்: செயல் தன்னளவில் தீயதாக இருக்கக் கூடாது, தீமையை நாடிச் செய்யக் கூடாது, தீமையை வழியாக்கி நன்மையை அடையக் கூடாது, தீமையைத் தாங்கத் தக்க அளவுக்குக் காரணம் கனமாக இருக்க வேண்டும். நம் நண்பரின் வரைபடத்தை இத்தராசில் இட்டுப் பார்த்தோம். நீர்நிலையை மீட்பது நற்செயல். மக்கள் துயருற வேண்டும் என்று அவர் நாடவில்லை. மூன்றாவது நிபந்தனையில்தான் அவர் பென்சில் இடறுகிறது. வாய்க்காலின் தடத்தில் நின்ற வீடுகளை விடுங்கள். நீருக்கு எவ்வித இடையூறும் இன்றிக் கரையின் வெளிச்சரிவில் நின்றவை எத்தனை? அவை அகன்ற இடத்தில் இப்போது இருப்பது நீரா, நடைபாதையும் வண்ண விளக்குமா? நடைபாதைதான் எனில், அவ்வீடுகளின் அழிவு நன்மையோடு ஒட்டிவந்த பக்கவிளைவு ஆகாது. அதுவே வழி ஆகிவிடுகிறது.

இக்கோட்பாட்டில் நமக்கே ஒரு குறை நெடுநாளாகத் தோன்றுவதுண்டு, பேராசிரியர்கள் பொறுத்தருள்க. தராசைப் பிடிப்பவர் எப்போதும் செயலைச் செய்பவராகவே இருக்கிறார். தீமையைத் தாங்கப்போகிறவர் அந்த அறையில் இல்லை. தனிமனிதனின் திடீர் இக்கட்டுக்கு இது போதும். ஆண்டுக்கணக்கில் ஆய்ந்து, அளந்து, வரைந்து செய்யும் நகரமைப்புப் பணிக்குப் போதுமா? அங்கே கேட்பதற்கு நேரம் இருக்கிறதே!

கேட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். 1914-இன் பிற்பகுதியில் பாட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இந்தியாவுக்கு வந்தார். தொழிலால் தாவரவியல் பேராசிரியர். நாட்டத்தால் நகரங்களின் மாணவர். அவர் ஆண்டுக்கணக்கில் சேர்த்த நகரமைப்புக் கண்காட்சிப் படங்கள் தனியே ஒரு கப்பலில் வந்தன. அக்கப்பலை எம்டன் மூழ்கடித்துவிட்டது. சென்னைமீது குண்டு வீசி, இன்றும் நம் பேச்சில் பொல்லாத கெட்டிக்காரனுக்குப் பெயராய் நிற்கும் அதே எம்டன்தான். நண்பர்கள் வேறு படங்களைத் திரட்டி அனுப்ப, 1915-இன் தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடைபெற்றது. தொடர்ந்து அவர் சென்னை மாகாணத்தின் நகரங்களுக்குச் சென்று அறிக்கைகள் எழுதினார். தஞ்சையில் நெருக்கமான குடியிருப்பொன்றைச் சுகாதாரத்தின் பெயரால் பிளந்து, நேர்கோட்டுத் தெருக்கள் வெட்ட அதிகாரிகள் திட்டமிட்டிருந்தனர். கெடிஸ் சந்து சந்தாக நடந்தார். பாழடைந்த வீடுகளை மட்டும் எடுத்துவிட்டு, இருக்கும் சந்துகளைச் சற்றே அகலமாக்கி, வெற்றிடங்களை இணைத்து மரம் நட்டால் காற்றும் வெளிச்சமும் வரும். பெரும்பாலோர் தம் வீட்டிலேயே இருக்கலாம். செலவும் குறையும் என்று வரைந்து காட்டினார். உறுப்பை வெட்டி எறியாமல் காக்கும் அறுவை மருத்துவத்துக்கு அதை அவர் ஒப்பிட்டார். மலேரியாவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்க்க முற்பட்டவர்களிடம், மீனையும் வாத்தையும் விட்டுக் குளத்தைத் தூய்மையாக வையுங்கள், நகரின் வெப்பத்தை ஆற்றுவது அதுவே என்று வாதிட்டார். இன்று நம் நண்பர் கருவிகொண்டு அளந்து நிறுவுவதைச் செடிகொடிகளை அறிந்த கண்ணால் அவர் கண்டிருந்தார்.

இவர் பிறர் ஊரில் வந்து அறிவுரை கூறியவர் மட்டும் அல்லர். இளமையில் எடின்பரோவின் பழைய நகரில், ஏழைகள் நெருங்கி வாழ்ந்த ஜேம்ஸ் கோர்ட் குடியிருப்பில், புதுமனைவி அன்னாவோடு தாமே குடிபுகுந்தார். சுண்ணாம்பு அடித்து, செடி வைத்து, அண்டை வீட்டாரோடு சேர்ந்து அவ்விடத்தைத் திருத்தினார். பின்னாளில் இந்தூரில் பிளேக் பரவியிருந்தபோது, தீபாவளியை ஒட்டி நகரெங்கும் ஒரு பெரும் பவனி நடத்தினார். துப்புரவுத் தொழிலாளர் வெள்ளாடை உடுத்தி, மாலை சூடி அதில் நடந்தனர். நோயைக் குறிக்கும் எலியின் பேருருவமும் சென்றது. வீடுகளை நன்கு தூய்மை செய்த தெருக்களுக்கே பவனி வரும் என்று முன்பே அறிவித்திருந்தாராம். பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் எடுத்த கோவைக்காரர்களுக்கு இதன் பொருள் விளங்காமல் போகாது. 1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல், குடிமையியல் துறையின் முதற்பேராசிரியரானார். கட்டிய கட்டடங்கள் சிலவே, கற்பித்ததுதான் மிகுதி.

ஆனால் நடந்து பார்த்தால் மட்டும் போதுமா? ஆகாபு அரசனும் நடந்து பார்த்தவன்தான். நாபோத்தின் திராட்சைத் தோட்டம் அவன் அரண்மனைக்கு அருகில் இருந்தது. அரசர்கள் முதல் நூலின் இருபத்தோராம் அதிகாரத்தைப் படிக்கும்போது நாம் வழக்கமாக ஈசபேலின் கொடுமையில் வந்து நிற்கிறோம். பொய்ச்சாட்சியும் கல்லெறியும் நம் கண்ணை நிறைத்துவிடுகின்றன. தொடக்கத்தைக் கவனிப்பதில்லை. ஆகாபு அந்நிலத்தைக் கேட்டது எதற்கு? காய்கறித் தோட்டம் போடுவதற்கு! பச்சைத் திட்டம். இழப்பீடும் தாராளம்: அதைவிட நல்ல தோட்டம் வேண்டுமா, பணம் வேண்டுமா என்கிறான். இன்றைய அளவுகோலில் அவன் நேர்மையான அரசன். நாபோத்து மறுத்தது விலை குறைவு என்பதால் அன்று; அது அவனுடைய மூதாதையர் உரிமை. பொருளாக மாற்றித் தர இயலாத ஒன்றை அரசன் பொருளாக மட்டுமே எண்ணினான். மற்றக் கொடுமையெல்லாம் அந்த எண்ணத்தின்பின் வந்தவை.

இங்கே வாசகர் நம்மை மறிக்கலாம். நாபோத்துக்கு உரிமை இருந்தது. குளக்கரைக்காரருக்குப் பட்டா உண்டா? இல்லை. நீர்நிலைப் புறம்போக்கு எல்லாருக்கும் உரியது. எல்லாருக்கும் உரியதைச் சிலர் வைத்துக்கொள்ளலாகாது. இந்த மறுப்பை நாம் எளிதில் தள்ளிவிடவில்லை. ஆனால் நகரம் அவர்களைப் பல ஆண்டுகளாக அங்கே வைத்திருந்தது. வாக்காளர் அட்டை கொடுத்தது, மின்கம்பம் நட்டது, விடியற்காலையில் அவர்களைக் கூப்பிட்டுத் தன் தெருவைக் கூட்டச் சொன்னது, தன் சமையலறையைத் துலக்கச் சொன்னது. அவர்கள் வேலைக்கு அருகில் வாழ்ந்ததால் நகரத்துக்குக் கிடைத்த ஆதாயத்தை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சீ’ சுற்றுமடலை நாம் மரம் நடும் மடலாகவே வாசித்துப் பழகிவிட்டோம். அதன் 152-ஆம் பத்தி வீட்டைப் பற்றியது. ஏழைகளை இடம்பெயர்க்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தாலும், துயரின்மேல் துயரைக் குவிக்காதபடி முன்கூட்டியே முழு விவரம் சொல்ல வேண்டும். தகுந்த வீடுகளுள் தேர்ந்துகொள்ளும் வாய்ப்புத் தர வேண்டும். அம்மக்களையே அப்பணியில் பங்காளிகளாக்க வேண்டும் என்கிறது. பூமிக்குப் பரிவு காட்டும் அதே மடல்தான் இதைச் சொல்கிறது. இரண்டாக வெட்டிப் படிக்க இயலாது.

பங்காளிகளாக்குவது என்றால் என்ன? கூட்டம் போட்டுக் கையொப்பம் வாங்குவதா? பாலகிருஷ்ண தோஷியின் வாழ்க்கை இதற்கு வேறொரு விடை தருகிறது. 1927-இல் புணேயில் பிறந்து 2023 ஜனவரியில் மறைந்தவர். கூட்டுக்குடும்பம், ஆள் பெருகப் பெருக அறையும் மாடியும் கூடிக்கொண்டே போன வீடு. அவ்வீடுதான் தம் முதற்பள்ளி என்பதுபோல் அவர் பேசுவதுண்டு. 1950-களின் தொடக்கத்தில் பாரிசில் லெ கொர்புசியேயிடம் பணிபுரிந்தார். திரும்பிவந்து அகமதாபாத்தில் ஊன்றினார். 1962-இல் அங்கே கட்டடக் கலைப் பள்ளியையும், பத்தாண்டுக்குப் பின் நகரமைப்புப் பள்ளியையும் உருவாக்கினார். அவரே வடிவமைத்த அப்பள்ளியில் கதவுகள் குறைவு. யாரும் எந்த வகுப்பையும் எட்டிப் பார்க்கலாம். 1978-இல் ஆய்வுக்கென ஓர் அறக்கட்டளை தொடங்கினார். நாம் வியப்பது இதன் ஒரு பணியை. 1980-களின் தொடக்கத்தில், கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து, அவ்வறக்கட்டளையினர் இந்தூரின் குடிசைப் பகுதிகளை அளந்தனர். ஆம், கெடிசின் பவனி சென்ற அதே இந்தூர். திண்ணை எவ்வளவு அகலம், கடை எங்கே, மரம் எங்கே, தண்ணீர்க் குழாயடியில் எத்தனை பேர் நிற்கிறார்கள், சந்து எங்கே வளைகிறது என்று வரைந்தனர். அதுவரை குடிசைப் பகுதியை எண்ணியவர்கள் இருந்தார்கள். அங்கே ஓர் அறிவு இருக்கிறது, அதைக் கற்றுக்கொள்வோம் என்று போனவர்கள் அரியர்.

அந்தப் பாடத்திலிருந்து எழுந்தது இந்தூரின் அரண்யா குடியிருப்பு. ஏறத்தாழ 85 ஹெக்டேர். 6,500 அளவில் மனைகள். பெரும்பகுதி மிக ஏழைகளுக்கு. அவர்களுக்குக் கட்டி முடித்த வீடு தரவில்லை. 35 சதுர மீட்டர் மனை, அடித்தளம், கழிப்பறை, குளிக்கும் இடம், ஓர் அறை; மீதியை அவரவர் கை கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டார். எப்படியெல்லாம் கட்டலாம் என்பதற்கு எண்பது மாதிரி வீடுகளை மட்டும் எழுப்பிக் காட்டினார். புணே வீடு வளர்ந்ததுபோல் இவையும் வளர்ந்தன. வசதி உள்ளோரின் மனைகளையும் அதே குடியிருப்பில் வைத்தார். அங்கும் எல்லாம் எண்ணியபடி நடந்துவிடவில்லை. மனையை விற்றுவிட்டுப் போன ஏழைகள் உண்டு. ஆயினும் 1995-இல் ஆகாகான் விருதும், 2018-இல் இந்தியர் எவருக்கும் அதுவரை கிடைக்காத பிரிட்ஸ்கர் பரிசும் அவரைத் தேடி வந்தபோது, மாளிகைகளோடு அரண்யாவும் சேர்த்தே பேசப்பட்டது. 1970-களின் பிற்பகுதியில் சென்னை அரும்பாக்கத்திலும் வில்லிவாக்கத்திலும் மனையும் அடிப்படை வசதியும் மட்டும் தந்து மக்களையே கட்டவிட்ட முயற்சி நடந்தது. அதை ஏன் தொடராமல் அடுக்குமாடிக்குப் போனோம் என்பது தனிக் கட்டுரைக்குரியது. நம் அண்டையில் திருவனந்தபுரத்தில் பேராயர் பெனடிக்ட் மார் கிரிகோரியோஸ் ஏழைகளுக்கு வீடு கட்ட லாரி பேக்கரை அழைத்ததையும் இங்கு நினைவுகூர வேண்டும். செங்கல்லை எலிப்பொறிக் கட்டு முறையில் அடுக்கி நான்கில் ஒரு பங்கை மிச்சப்படுத்தியவர் அவர். நம் ஆயர் இல்லங்களும் பங்கு இல்லங்களும் அவ்வழியை எவ்வளவு பின்பற்றின என்று கேட்டால் நாம் தலைகுனிய வேண்டும்.

தலைகுனிய வேறு காரணமும் இருந்தது. தீராத கணக்கு என்றோமே, அது இதுதான். சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய பங்கின் எல்லையில் ஒரு நீர்க்கரை தூய்மையாக்கப்பட்டது. படைப்பின் காலத்தில் அதைப் பாராட்டி மறையுரை ஆற்றினோம். காணிக்கைப் பவனியில் அந்நீரைக் குடத்தில் கொண்டுவரச் செய்தோம். நல்ல மறையுரை என்று பலர் கைகுலுக்கினர். கோவில் வாசலில் பூ விற்கும் கைம்பெண் ஒருவர் இரண்டு மாதமாக வரவில்லை என்பதை அதன்பின்தான் கவனித்தோம். மாதாவுக்கு மாலை ஒப்பந்தக்காரரிடமிருந்து தவறாமல் வந்துகொண்டிருந்ததால் தெரியவில்லை! அவர் வீடு அந்தக் கரையில் இருந்தது. பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் அடுக்குமாடியில் மூன்றாம் தளம் கிடைத்திருந்தது. தேடிப் போனபோது அவர் குறை கூறவில்லை.

“ஊடு நல்ல ஊடுதானுங்க சாமி. மழைக்கு ஒழுகறதில்லீங்க. கக்கூசு உள்ளயே இருக்குது. பேத்தி பயமில்லாம போறா. ஆனா பூ வாங்க நாலு மணிக்கெல்லாம் மார்க்கெட்டுல இருக்கோணுமுங்க. மொத பஸ்ஸே அஞ்சரைக்குத்தானுங்க வருது.”

வீட்டை அளந்தவர்கள் விடியலை அளக்கவில்லை. ஒன்றரை மணி நேரம், அவ்வளவே. அதில் ஒரு பிழைப்புப் போயிற்று. அங்கே இருந்தபோது யாராவது கேட்டிருந்தால் இதை முதல் வாக்கியத்திலேயே அவர் சொல்லியிருப்பார். வாரந்தோறும் அவரைக் கடந்து கோவிலுக்குள் நுழைந்த நாமும் கேட்கவில்லை.

ஆகவே நம் நண்பருக்கு அன்று சொல்லாத விடையை மறுவாரம் சொன்னோம். பாவமா என்று கேட்டீர்கள். ஆண்டவர் கற்பித்த மன்றாட்டில் நாம் பாவம் என்று சொல்லும் இடத்தில், மத்தேயுவின் கிரேக்கச் சொல் கடனைக் குறிக்கும். உங்களுக்கு அச்சொல்தான் பொருந்தும் என்று தோன்றுகிறது. நீங்கள் திருடவில்லை, தீமை செய்ய எண்ணவும் இல்லை. ஆனால் தெரிந்து பச்சை அடித்தீர்கள். அங்கே இருந்தவர்களிடமிருந்து ஒன்றை வாங்கிக்கொண்டு நகரத்துக்குக் கொடுத்தீர்கள். வாங்கியதை எழுதி வைக்கவில்லை. கடன்பட்டவர் முதலில் செய்ய வேண்டியது அழுவதன்று, கடன் எவ்வளவு என்று போய்க் கேட்பது. நாமும் கடன்காரர்தான், சேர்ந்தே போகலாம் என்றோம்.

அவர் தாம் வரைந்த ஊருக்கு இருமுறை போய்வந்தார். அங்கே கேட்டதை அவரே ஒருநாள் எழுதுவார். நம்மோடு பூக்கார அம்மாவின் குடியிருப்புக்கு வந்தது ஒரு சனிக்கிழமை. மாணவர்கள் ஆறு பேரையும் அழைத்து வந்திருந்தார். பேருந்து நேரங்களை ஒரு மாணவி அட்டவணையாக்கிக்கொண்டிருந்தாள். மற்றொருவன் படிக்கட்டின் அகலத்தை அளந்தான். அந்த அம்மாள் சற்று நேரம் பார்த்துவிட்டு, “இதையெல்லாம் வரையறீங்களே, பழைய ஊட்டை வரைவீங்களா?” என்றார். இல்லாத இடத்தை எப்படி அளப்பது என்று மாணவர்கள் விழித்தனர். நம் நண்பர் தரையில் அமர்ந்து தாளை விரித்தார். வாசல் எந்தத் திசை, அடுப்பு எங்கே, பூக்கூடை எங்கே என்று கேட்டுக் கேட்டு வரைந்தார். பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து குனிந்து பார்த்தனர். தம் வீட்டையும் சேர்க்கச் சொன்னார்கள். தாள் போதாமல் இன்னொன்றை ஒட்டினார். வண்ணப் பென்சில் பெட்டியில் பச்சையை எடுத்து மரத்துக்கு வைக்கப் போனார்.

“முருங்கை இந்தப் பக்கமில்ல கண்ணு,” என்றார் அந்த அம்மாள், “அந்தப் பக்கம், தண்ணிய ஒட்டி.”

அவர் அழித்துவிட்டுத் திரும்ப வரைந்தார்.